முன்வரிசை விருந்தாளிகள்

அந்தச் சபையில் மேனேஜர் என்றால் ஒருவர்தான். ஆயர் எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். மேனேஜர் எங்கே என்று கேட்டால் எல்லோரும் வாசலைத்தான் காட்டுவார்கள். முப்பத்தொரு வருஷம் ஒரு லாட்ஜின் முன்மேசையில் உட்கார்ந்து எழுந்தவர் அவர். மூன்று மாடி, நாற்பத்திரண்டு அறை. வருகிற ஆளின் செருப்பைப் பார்த்தே எத்தனை நாள் தங்குவான் என்று சொல்லிவிடுவேன் என்பார். சொன்னதில் பாதி பலிக்காது. பலித்த பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார், நம் எல்லோரையும் போலத்தான்.

ஓய்வு பெற்ற பிறகு மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் ஒட்டி, உப்பு எட்டாம் நம்பரில் இருக்கிறது, சர்க்கரை பதினொன்றில் இருக்கிறது என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் மாதம் நேராக ஆயரிடம் போய் நின்றாள்.

"பாஸ்டர், ஒண்ணு இவருக்கு ஏதாவது வேலை குடுங்க, இல்லைன்னா எனக்குத் தங்க ஒரு எடம் பாத்துக் குடுங்க."

ஆயர் வயதில் சின்னவர், யாருடைய மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். புதியவர்களை வரவேற்கும் குழு என்று ஒன்றை அன்றைக்கே உண்டாக்கி, மேனேஜரை அதற்குத் தலைவராக்கினார். குழுவில் இன்னொருவரும் உண்டு. அவர் தபால்காரர். மேனேஜர் எது சொன்னாலும் தலையாட்டுவது அவர் பொறுப்பு.

கிடைத்த வேலையை மேனேஜர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆலயத்தில் வலதுபக்க முதல் பெஞ்சுக்கு மேலேதான் ஒழுங்காகச் சுற்றும் மின்விசிறி இருந்தது. அந்தப் பெஞ்சுக்கு மெத்தை போட்டு, 'புதியவர்களுக்கு மட்டும்' என்று அட்டை எழுதி வைத்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் காகிதக் கோப்பையில் டீ குடிக்கும்போது, புதியவர்களுக்கு மட்டும் சாஸரோடு பீங்கான் கோப்பை வரும். அதையும் அவரே இரண்டு கையாலும் ஏந்தி வருவார். பிஸ்கட்டுக்காக அவர்கள் எழுந்திருக்கக் கூடாது, பிஸ்கட்தான் அவர்களிடம் வர வேண்டும். மழை பெய்தால் கேட் வரைக்கும் குடை பிடிப்பார். மழை இல்லாவிட்டாலும் குடையோடு கேட் வரைக்கும் வருவார். யாராவது புது ஆள் தெரியாத்தனமாக ஒரு நாற்காலியை மடித்துவைக்கக் குனிந்துவிட்டால் போதும், தபால்காரர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். விருந்தாளி நாற்காலி தூக்குவதாவது!

குறை சொல்ல முடியாத ஏற்பாடு. என்ன, யாரும் தங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருஷத்தில் ஐந்து குடும்பம் வந்தது. பேங்க்கில் வேலை பார்த்தவர் ஏழு வாரம் வந்தார். அக்கா தங்கை இருவர் மூன்று வாரம் வந்தார்கள். ஒரு புது மணத் தம்பதி இரண்டாம் வாரமே மாயமானது. ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டு போகவில்லை. எல்லோரும் நன்றி சொல்லி, கைகுலுக்கி, இவ்வளவு அன்பான சபையைப் பார்த்ததே இல்லை என்று புகழ்ந்துவிட்டுத்தான் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

ஒரு நாள் ஆயர் மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, நீங்க செய்யறதுல எந்தக் குறையும் இல்ல. ஆனா பாருங்க, அடுத்து வர்ற குடும்பமும் நிக்கலைன்னா, வாசல்ல வேற யாரையாவது வச்சு, வேற மாதிரி ஏதாவது செஞ்சு பாக்கலாமான்னு ஒரு யோசனை."

ஆயர் கல்லைப் பஞ்சில் சுற்றித்தான் எறிந்தார். கல் கல்தானே. மேனேஜருக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாசல் போய்விட்டால் தான் யார் என்று யோசித்துப் பார்த்தார். டப்பாவுக்கு நம்பர் ஒட்டுகிற ஒரு ஆள். வேறெதுவும் தோன்றவில்லை.

அடுத்த மாதமே ஆறாவது குடும்பம் வந்தது. கணவன், மனைவி இருவர் மட்டும். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படித்தாள். அவர் பிளம்பர், புதிதாகக் கட்டுகிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் வேலைக்காக இந்த ஊருக்கு மாறி வந்திருந்தார். அந்த அம்மாள் ஒரு ஆபீஸ் கேன்டீனில் தினம் இருநூறு பேருக்குச் சமைக்கிறவள். இருவர் கையும் சும்மா இருந்து பழகாத கை.

மேனேஜர் குனிந்து பிளம்பரின் ஷூவைப் பார்த்தார். தேய்ந்த குதிகால், புது லேஸ்.

"இது தங்குற ஷூ" என்று தபால்காரரின் காதில் சொன்னார்.

தபால்காரர் தலையாட்டினார்.

முதல் ஞாயிறு எல்லாம் அமர்க்களமாக நடந்தது. இருவரும் மெத்தைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஆயர் சொன்னபோது எழுந்து நின்றார்கள், சபையார் கை தட்டினார்கள். பீங்கான் கோப்பை வந்தது, பிஸ்கட் வந்தது. பிளம்பரின் மனைவி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டாம் ஞாயிறு அவள் டீ குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். அங்கே மேனேஜரின் மனைவி தன்னந்தனியாகப் பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"குடுங்கக்கா, நான் கழுவுறேன்" என்று இவள் கைநீட்டிய அதே நொடியில் மேனேஜர் முளைத்தார்.

"ஐயையோ, என்னம்மா இது! நீங்க போய்க் கழுவறதா? வாங்க, வாங்க, வந்து உக்காருங்க."

கோப்பையை வாங்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவளை மறுபடி பெஞ்சுக்குக் கூட்டிவந்தார். மேனேஜரின் மனைவி நுரைக்கையோடு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்த உதவியைக் கண்ணெதிரே வழியனுப்பிய புருஷனை என்ன செய்வது என்று அவளுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு பிளம்பரின் முறை. நாற்காலி ஒன்றை மடித்தார். தபால்காரர் பாய்ந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். "இருக்கட்டும் சார்" என்று இவர் இழுக்க, "இருக்கட்டும் சார்" என்று அவர் இழுக்க, பார்க்கிறவர்களுக்கு ஏதோ சொத்துத் தகராறு மாதிரி இருந்தது. கடைசியில் தபால்காரர்தான் ஜெயித்தார். பிளம்பர் வெறுங்கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

நான்காம் ஞாயிறுதான் வினை வந்தது.

கடைசிப் பாட்டின் நடுவில் பின்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் இணைப்பு கழன்று, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பாட்டு முடிவதற்குள் கதவுக்கு அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் ஆயரின் காலடிக்கே வந்துவிட்டது.

பிளம்பர் விருட்டென்று எழுந்தார்.

"மெயின் வால்வு எந்தப் பக்கம் இருக்கு?"

மேனேஜர் அவர் தோளில் கைவைத்து மெதுவாக உட்கார வைத்தார். "நீங்க உக்காருங்க சார். ஆளுக்குப் போன் பண்ணியாச்சு."

"சார், நான் பிளம்பர் சார்."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் சொல்றேன். எங்க லாட்ஜ்ல ஒரு தடவ ஒரு டாக்டர் தங்கியிருந்தாரு. அன்னைக்குன்னு பாத்து எங்க ரூம்பாய்க்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட போய் ஊசி போடுங்கன்னு கேட்டேனா? கேக்கல. அவரு நம்ம கெஸ்ட். வெளிய இருந்துதான் ஆள் வரவழைச்சேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

இந்த நியாயத்துக்குப் பதில் சொல்ல எந்தப் பிளம்பராலும் முடியாது. அவர் மறுபடி எழுந்தார், மேனேஜர் மறுபடி உட்கார வைத்தார். பிறகு சாஸரோடு டீயும் வந்தது.

அன்றைக்கு அந்த ஆலயத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயர் அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் மொண்டு மொண்டு வெளியே கொட்டினார். பாடகர் குழு துடைப்பத்தோடு வரிசையாக நின்று தண்ணீரைத் தள்ளியது. வழுக்கி விழுந்த தபால்காரரைத் தூக்கப்போன இரண்டு பேர் அவர் மேலேயே விழுந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஆறு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஒரே போர்வையின் இரு முனையைப் பிடித்துப் பிழிந்தார்கள். எல்லோரும் நனைந்தார்கள், கத்தினார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சபை அத்தனை சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

நனையாதவர்கள் இரண்டே பேர். பிளம்பரும் மனைவியும் மெத்தைப் பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் சாஸரோடு உட்கார்ந்திருந்தார்கள். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிளம்பர் அந்தக் கோப்பையில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியாள் வந்தான். கொல்லைப் பக்கம் போய் வால்வை மூடினான். ஒரு நிமிஷ வேலை.

"ரொம்ப நன்றி சார்" என்றார் பிளம்பர் போகும்போது. மேனேஜர் குடையோடு கேட் வரைக்கும் போனார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வெற்று மெத்தைப் பெஞ்சை ஆயர் ஒரு தரம் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். மேனேஜருக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் குதித்தார். "என்ன கொறை வச்சேன்? சொல்லு. என்ன கொறை வச்சேன்? மெத்தை போட்டேன், ஃபேனைப் போட்டேன், நான் பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி டீ தூக்கிட்டு ஓடினதில்ல. நன்றி கெட்ட ஜனங்க!"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள். "விருந்தும் மருந்தும் எத்தனை நாளைக்கு?"

"மூணு நாள். அதுக்கு என்ன இப்ப?"

"நீங்க நாலு வாரம் போட்டீங்க. சரி, அத விடுங்க. உங்க லாட்ஜுக்கு வந்தவங்கள்லாம் கடைசியில என்ன செஞ்சாங்க?"

"என்ன செய்வாங்க, ரூமைக் காலி பண்ணிட்டுப் போனாங்க."

"யாராவது அங்கேயே தங்கிட்டாங்களா?"

"லாட்ஜ்ல எவன்டி நிரந்தரமா தங்குவான்?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள். "போறவங்கள வரவேற்கிற மாதிரியே வரவேற்கிறீங்க. அவங்களும் போயிடறாங்க."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஐந்து குடும்பங்களும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒருவராவது தன்னோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியது ஞாபகம் இல்லை. தான் அவர்களைப் பேச விட்டதும் ஞாபகம் இல்லை.

அந்த வாரம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தார். சனிக்கிழமை மத்தியானம் சட்டை மாற்றிக்கொண்டு, ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழியில் ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு பிளம்பர் வீட்டுக்குப் புறப்பட்டார்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஆப்பிள் பையோடு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழி அடைத்திருந்தது. இரும்பு பீரோ ஒன்று சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் குறுக்காக மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. மேல் முனையில் பிளம்பரின் மனைவி. கீழ் முனையில் பிளம்பர், வியர்வை சொட்ட, பீரோவைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "வணக்கம் சார். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..."

"அந்த மூலையைப் பிடிங்க!" என்று கத்தினார் பிளம்பர். "பிடிங்க பிடிங்க, நழுவுது!"

ஆப்பிள் பை கீழே விழுந்தது. ஆப்பிள்கள் படிப்படியாக உருண்டு முதல் மாடிக்குப் போய்ச் சேர்ந்தன. மேனேஜர் இரண்டு கையாலும் மூலையைப் பிடித்தார்.

"தூக்குங்க. தூக்குங்கன்னா ஏன் தள்ளுறீங்க? தூக்குங்க சார்!"

"தூக்குறேன் சார், கனமா இருக்கு!"

"பீரோன்னா கனமாத்தான் இருக்கும்! முதுகை வளைக்காதீங்க, முழங்காலை மடக்குங்க. ஆங், அப்படி. இப்ப வலது பக்கம் திருப்புங்க. உங்க வலது இல்ல, என் வலது!"

மேலிருந்து பிளம்பரின் மனைவி குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் சண்டை போடாம ஒண்ணா தூக்குங்க, என் விரல் நசுங்குது!"

பத்து நிமிஷம் அந்தத் திருப்பத்தில் போராட்டம் நடந்தது. மேனேஜரின் சட்டை அழுக்கானது, புறங்கையில் தோல் சிராய்ந்தது, ஷூவின் பளபளப்பு போன இடம் தெரியவில்லை. நாலு தரம் திட்டு வாங்கினார். லாட்ஜில் பெட்டி தூக்க ஆள் இருந்தது. வீட்டில், வயசாகிவிட்டது கையை வைக்காதீர்கள் என்று மனைவி தடுத்துவிடுவாள். கடைசியாகத் தன்னை நம்பி ஒருவர் ஒரு கனத்தைக் கொடுத்தது எப்போது என்று அவருக்கு நினைவே இல்லை. பீரோ உள்ளே போய்ச் சுவரோரம் நின்றபோது அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதை அங்கே கொண்டுவந்து வைத்ததே தான்தான் என்பது போல் பத்து தரம் பார்த்தார்.

வீடு இன்னும் பாதி பிரிக்காத பெட்டிகளாக இருந்தது. உட்கார நாற்காலி இல்லை. மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பிளம்பரின் மனைவி ஒரு டம்ளரையும், இரண்டு மூடிகளையும் தேடி எடுத்து டீ ஊற்றினாள். மேனேஜருக்குப் பிளாஸ்க் மூடி கிடைத்தது.

அதைக் குடித்து முடித்த பிறகுதான் அவருக்கு வந்த வேலை நினைவுக்கு வந்தது.

"நான் எதுக்கு வந்தேன்னா..." என்று ஆரம்பித்தார். "நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா சார்?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளம்பர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எங்க பழைய சபையில மோட்டார் ரிப்பேர்னா நான்தான். கூரை ஒழுகினாலும் நான்தான். ஞாயித்துக்கிழமை நல்ல சட்டை போட்டுட்டுப் போனா கரியோடதான் வீட்டுக்கு வருவேன், இவ திட்டுவா. இங்க வந்து நாலு வாரமா டீ குடிச்சேன். ஒப்புக்குச் சப்பாணி மாதிரி. அன்னைக்கு அந்தத் தண்ணியில எல்லாரும் நனையறாங்க, நான் ஒரு பிளம்பரு, காலைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கேன். இவங்களுக்கு என் கை மேல நம்பிக்கை இல்லையோன்னு தோணிச்சு."

"ஐயோ, அப்படி இல்ல சார்!"

"எனக்கு அது இல்ல" என்றாள் அவர் மனைவி. "ஒரு நாள் ரெண்டு நாள் விருந்தாளின்னு சொன்னா மனசு நெறையும் சார். வாராவாரம் சொன்னா, நீ எங்க வீட்டு ஆள் இல்ல, இல்லன்னு ஞாபகப்படுத்தற மாதிரி இருக்கு. மகளும் ஊர்ல இல்ல, இங்க யாரையும் தெரியாது. உங்க வீட்டுக்காரம்மா அங்க தனியா அத்தனை பாத்திரம் தேய்க்கறாங்க, நான் இருநூறு பேருக்குச் சமைக்கிறவ, சாஸரைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதுட்டேன்."

மேனேஜர் பிளாஸ்க் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினார்.

"எனக்கு வேற மாதிரி தெரியாதும்மா" என்றார். "முப்பத்தொரு வருஷமா போற ஆளுங்களைத்தான் பாத்திருக்கேன்."

பிளம்பருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது போலும். "விடுங்க சார். நாங்க கோபமா இல்ல. ஆனா, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சபை இருக்கு. என்கூட வேலை செய்யறவரு கூப்பிட்டாரு. நாளைக்கு வர்றோம்னு வார்த்தை குடுத்துட்டோம்."

வார்த்தை கொடுத்துவிட்டார்கள். இனி என்ன சொல்வது? வந்துவிடுங்கள், மெத்தையை இன்னும் உயர்த்திப் போடுகிறேன் என்றா? மேனேஜர் எழுந்தார். முதல் மாடியில் உருண்டு கிடந்த ஆப்பிள்களைப் பொறுக்கிக்கொண்டுவந்து கொடுத்தார். அடிபட்டதையெல்லாம் மேலே வைத்துக் கொடுத்தார். வாசலில் ஷூவை மாட்டுகிற சாக்கில் தயங்கி நின்று ஒன்றே ஒன்று சொன்னார்.

"என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. நின்னுக்கிட்டே தேய்க்க முடியல. என்கிட்ட சொல்ல மாட்டா, ஆனா தெரியும்."

பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினார்.

மறுநாள் காலை ஆலயத்துக்கு முதல் ஆளாகப் போனார். மெத்தையைச் சுருட்டிப் பின்னறையில் போட்டார். 'புதியவர்களுக்கு மட்டும்' அட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தார். தபால்காரர் பதறிப்போனார்.

"அப்ப புதுசா வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"கெடைச்ச எடத்துல."

தபால்காரர் தலையாட்ட மறந்து நின்றார்.

எட்டரை மணிக்கு முதல் பாட்டு தொடங்கியது. மேனேஜர் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். ஜெபம் முடிந்தது. இரண்டாம் பாட்டும் முடிந்தது. தெருவில் ஒரு சைக்கிள் போனது, ஒரு நாய் போனது. உள்ளிருந்து ஆயர் ஒரு தரம் திரும்பி வாசலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை, பரிதாபம் இருந்தது. அவர் வாய் திறந்து கேட்கும் வரை வைத்துக்கொள்ளக் கூடாது, கூட்டம் முடிந்ததும் நானே வாசலை விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். முடிவு செய்ததும் கால் வலிக்க ஆரம்பித்தது. அதுவரை வலிக்கவில்லை.

ஒன்பதேகாலுக்குத் தெருமுனையில் இரண்டு பேர் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

பிளம்பரும் மனைவியும் என்று மேனேஜர் தூரத்திலேயே கண்டுகொண்டார். இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கை தானாகக் குவிந்தது, உடம்பு தானாக வளைந்தது, 'வாங்க சார், வாங்கம்மா, வாங்க' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தினார். நிமிர்ந்தார். அந்த இரண்டு முகத்தையும் பார்த்தார். பார்த்ததும், ஒரு மணி நேரமாக அவர் பட்ட பாடு முழுவதும் பொங்கிக்கொண்டு வந்தது.

"மணி என்ன ஆகுது?" என்று வெடித்தார். "எட்டரைக்குக் கூட்டம்னா ஒம்பதே காலுக்கா வர்றது? ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் தெருவையே பாத்துட்டு நிப்பான்? உள்ள அவ ஒத்தையா கெடந்து லோல்படறா. இப்படி ஆடி அசைஞ்சு வந்தா எப்படி?"

தபால்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது. புது ஆட்களை மேனேஜர் திட்டுவதா! கடைசி வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிளம்பரும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் மனைவி நிற்கவில்லை. மூச்சிரைக்க இரண்டு படி ஏறி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேனேஜருக்கு நேராக நின்றாள்.

"அதுக்கு நாங்க என்ன செய்யறது? அந்தச் சபைக்காரருக்குப் போன் பண்ணி, வரலைன்னு சொல்லி, அவரு ஏன் எதுக்குன்னு கேட்டு, இவரு பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள எங்க பஸ்ஸு போயிடுச்சு. அடுத்த பஸ்ஸு முக்கால் மணி நேரம் கழிச்சு. பறந்தா வர முடியும் அண்ணே? வந்ததும் வராததுமா வாசல்லயே நிக்க வச்சு சண்டை போடறீங்க? தள்ளுங்க மொதல்ல. அக்கா எங்க?"

அண்ணே என்று அந்த வாசலில் யாரும் அவரை அதுவரை கூப்பிட்டதில்லை. சண்டைக்கு வந்ததும் இல்லை. மேனேஜருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவளிடம் காட்டுவாரா? முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பின்னாடி சமையக்கட்டுலதான் இருக்கா, போ, போய்ப் பாரு" என்று இன்னும் கடுகடுப்பாகவே சொல்லி, அவளுக்கு வழி விட்டார்.